முந்நூற்றுப் பன்னிரண்டு படங்களின் ஓரக்கோடு

என் அக்கா வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினால் நாங்கள் யாரும் உடனே நடையைக் கட்ட மாட்டோம். பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்ப்பாள். இரண்டு படி இறங்கிவிட்டுத் திரும்ப ஏறி இன்னொரு தடவை இழுப்பாள். தெருமுனை வரை வந்த பிறகு, "நீங்க போய்க்கிட்டே இருங்க, இதோ வந்துடறேன்" என்று ஓடிப்போய் மூன்றாவது தடவை. அடுப்பும் அப்படித்தான், தண்ணீர்க் குழாயும் அப்படித்தான். 'மூணு தடவை' என்று அவளுக்குப் பட்டப்பெயர். நான், என் அம்மா, என் மனைவி எல்லாரும் அப்படிக் கூப்பிட்டுச் சிரித்திருக்கிறோம், அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். பெயர் வைத்த புண்ணியவான் நான்தான்.

அவள் பிறவியிலேயே அப்படி இல்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். சின்ன வயதில் அவள் கை ஒரு தடவை செய்ததைத் திரும்பத் தொடாது. ஸ்கேல் இல்லாமல் கோடு போடுவாள். நான் ஸ்கேல் வைத்துப் போட்டதுதான் கோணலாக இருக்கும். பரீட்சையில் மணி அடிக்க அரைமணி இருக்கும்போதே பேப்பரைக் கொடுத்துவிட்டு வெளியே வந்து நிற்பாள். "ஒரு தடவை படிச்சுப் பாத்திருக்கக் கூடாதாடி?" என்று அம்மா கேட்டால், "எழுதினவளே நான்தானேம்மா, எனக்குத் தெரியாதா?" என்பாள். இந்தத் திமிர் எங்கே கொண்டுபோய் விடுமோ என்று பெரியப்பா தலையில் அடித்துக்கொள்வார். திமிர்தான், ஒத்துக்கொள்கிறேன். அவளுக்கு அது நன்றாக இருந்தது.

கல்யாணம் ஆனது. அத்தான் கெட்டவர் இல்லை. குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். ஆனால் வாயைத் திறந்தால் ஒரே பல்லவி: "உனக்கு ஒண்ணும் தெரியாது, விடு." பால் காய்ச்சுவதிலிருந்து பஸ் ஏறுவது வரைக்கும் அதுதான். பத்து வருடம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு ஒருநாள் மகளைக் கூட்டிக்கொண்டு இரண்டு பெட்டிகளோடு கிளம்பிவந்து ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்தாள். ஏன் என்று கேட்ட எல்லாருக்கும் ஒரே பதில்: "எனக்கு என்ன தெரியும்னு நானே பாத்துக்கறேன்." பிள்ளைக்கு அப்போது ஒன்பது வயது.

நான் அப்போது பஸ் நிலையங்களில் வைக்கிற டிக்கெட் மெஷின்களுக்கு மென்பொருள் செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் இருந்தேன். டிக்கெட் அச்சாகி வெளியே வருவது என் பொறுப்பு. திரையில் தெரியும் பொத்தான்கள், கட்டங்கள் வரைய ஆள் தேடினார்கள். அக்கா, மகள் பள்ளிக்கூடம் போயிருக்கும் நேரத்தில் கம்ப்யூட்டரில் வரையக் கற்றுக்கொண்டிருந்தாள். அவளைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னது மட்டும்தான் நான். மீதியை அவள் கையே பார்த்துக்கொண்டது. ஆறு மாதம் பார்ப்பார்கள், பிடித்திருந்தால் நிரந்தரம் என்று கடிதம் தருவார்கள். அந்தக் கடிதம் வந்தால் மாடி அறை, பக்கத்துப் பள்ளிக்கூடம், அவளுடைய சொந்தச் சாவி எல்லாம் நிலைக்கும். வராவிட்டால் அத்தான் வீடு. இது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும், எனக்கு எல்லாரையும்விட நன்றாகத் தெரியும்.

எங்கள் மேலாளருக்கு நாங்கள் வைத்த பெயர் 'நேத்து சார்'. எந்த வேலையைக் கொடுத்தாலும், எப்போது வேண்டும் என்று கேட்டால், "நேத்தே" என்பார்.

அக்காவின் வேலை கேட்பதற்கு ஒன்றுமில்லாதது போலிருக்கும். எங்கள் மெஷின் ஆறு மொழிகளில் பேசும். 'திரும்பு' என்பது ஒரு மொழியில் மூன்றே எழுத்து, இன்னொன்றில் ஒரு முழ நீளம். வார்த்தைக்குத் தகுந்தபடி பொத்தான் நீள வேண்டும். படத்தை அப்படியே பிடித்து இழுத்தால் உருண்டையான மூலை முட்டை வடிவமாகிவிடும், மெல்லிய ஓரம் ஒரு பக்கம் தடித்துவிடும். அக்கா செய்ததெல்லாம் அப்படி ஆகாமல் பார்த்துக்கொண்டதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடி அறைக்கு வந்த அம்மா, "அப்படி என்னதாண்டி வேலை பாக்கறே?" என்று கேட்டாள். சாப்பாட்டு மேசையில் ஒரு விரிப்பு இருந்தது. நான்கு மூலையிலும் பூ, சுற்றிலும் பட்டை, நடுவில் வெறும் துணி. அக்கா அதைக் காட்டினாள்.

"இந்த விரிப்பு பெரிய மேசைக்குப் பத்தலைன்னா என்னம்மா பண்ணுவே?"

"ரெண்டு பக்கமும் பிடிச்சு இழுப்பேன்."

"இழுத்தா பூ பல்லை இளிக்கும். பூ இருக்கற நாலு மூலையையும் தனியா வெட்டி அப்படியே வெச்சுடணும், தொடவே கூடாது. பட்டையை நீளவாக்குல மட்டும் கூட்டலாம். நடுவுல இருக்கற துணியை எப்படி வேணா கூட்டிக்கலாம். மூலை நாலு, பட்டை நாலு, நடு ஒண்ணு. மொத்தம் ஒம்பது துண்டு. என் வேலை எங்கெங்க வெட்டணும்னு மெஷினுக்குச் சொல்றது."

அம்மா கொஞ்சம் யோசித்தாள். "அப்ப நீ டெய்லர் வேலைதான் பாக்கறே. அதுக்கு எதுக்கு ஏசி ரூம்?"

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் அங்கேதான் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஒன்பது துண்டு என்பது காதில் விழுந்தது. எங்கே வெட்டுவது என்பதை மெஷினுக்கு எப்படிச் சொல்கிறாள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

அதையும் சொல்லிவிடுகிறேன். படத்தின் வெளி விளிம்பில் ஒரே ஒரு புள்ளி அகலத்துக்குக் கறுப்புக் கோடு போடுவார்கள். மேல் விளிம்பில் ஒரு துண்டுக் கோடு: அகலத்தில் இந்தப் பகுதியை மட்டும்தான் இழுக்கலாம். இடது விளிம்பில் ஒரு துண்டுக் கோடு: உயரத்தில் இந்தப் பகுதியை மட்டும்தான். மெஷின் அந்தக் கோட்டைப் படித்துக்கொள்ளும், திரையில் காட்டாது. கோடு இல்லாத படத்தை முழுசாகப் பிடித்து இழுத்துவிடும். மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு படங்கள். ஒவ்வொன்றின் மூலையும் ஒவ்வொரு அளவு. வரைந்து முடித்த பிறகு ஒவ்வொன்றுக்கும் கையால் கோடு போட்டு, கம்ப்யூட்டரில் எல்லாருக்கும் பொதுவான கோப்பறையில் போட்டுவைத்தாள். திரும்ப எடுத்துப் பார்க்கவில்லை. போட்டவளே அவள்தானே.

ஐந்தாவது மாதக் கடைசியில் எனக்கும் அவளுக்கும் சண்டை. பள்ளிக்கூடத்தில் பாட்டுப் போட்டிக்கு வருகிறேன் என்று அக்கா மகளிடம், என் மருமகளிடம், வாய் கிழியச் சொல்லிவிட்டு நான் போகவில்லை. பிள்ளை வாசல் கேட்டிலேயே நின்றிருக்கிறது. அக்கா என் வீட்டுக்கு வந்து, என் மனைவி எதிரிலேயே, "உனக்கு வாய்க்கு மட்டும்தான்டா வேலை" என்றாள். அவள் சொன்னதில் ஒரு எழுத்துத் தப்பில்லை. ஆனால் எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். மறுநாளிலிருந்து பேசுவதை நிறுத்திக்கொண்டேன். அலுவலகத்தில் எங்கள் இரண்டு மேசைக்கும் நடுவே நெஞ்சளவு உயரத்தில் ஒரு தடுப்புப் பலகை. அதன் மேல் தன் டீ ஃபிளாஸ்க்கை வைப்பாள், நான் எடுத்து ஊற்றிக்கொள்வேன். நான்கு நாள் அதைத் தொடவில்லை.

நான்காவது நாள் நேத்து சார் வந்தார். மெஷின் எழுந்திருக்கவே நேரமாகிறது, படங்களையெல்லாம் கொஞ்சம் இளைக்க வை, திங்கட்கிழமை போக்குவரத்துக் கழகத்துக்காரர்கள் பார்க்க வருகிறார்கள் என்றார். கோப்பறையைத் திறந்தேன். ஒவ்வொரு படத்தின் விளிம்பிலும் அரைகுறையாக ஒரு கறுப்புக் கோடு. கறை என்று நினைத்தேன். வரைந்தபோது அக்கா துடைக்காமல் விட்ட மிச்சம் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால் உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. பெரிய இவள், திரும்பிப் பார்க்கத் தேவையில்லாதவள், பார் இவள் லட்சணத்தை.

"அக்கா, இது என்ன கோடு?" நான்கு வார்த்தை. தடுப்புக்கு மேலே அவள் தலை தெரிந்துகொண்டிருந்தது, பேனாவைக் கொண்டையில் செருகியிருந்தாள். நான் கேட்கவில்லை. எல்லாப் படத்திலும் நான்கு பக்கமும் ஒரு புள்ளி சீவிவிடும்படி பத்து வரி நிரல் எழுதி ஓடவிட்டேன். டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. பழைய படங்களின் மேலேயே புதியவற்றை எழுதிவிட்டேன்.

திங்கட்கிழமை கூட்ட அறையில் மெஷினை வைத்தோம். வந்தவர்கள் நான்கு பேர். முதல் மொழியில் வார்த்தைகள் சின்னவை, படம் இழுபடவில்லை, எல்லாம் சரியாக இருந்தது. இரண்டாவது மொழியைத் தொட்டார்கள். பொத்தான்களின் மூலையெல்லாம் வீங்கிக்கொண்டது, ஓரம் ஒரு பக்கம் கயிறாகத் தடித்தது. வந்தவர்களில் ஒருவர் சிரித்துவிட்டு, "என்ன சார், மெஷினுக்குப் பொன்னுக்கு வீங்கியா?" என்று கேட்டார். நேத்து சார் முகத்தில் ஈயாடவில்லை.

அவர்கள் போனதும் அக்காவைக் கூப்பிட்டார். அவள் எல்லார் எதிரிலும் ஒரு படத்தைத் திறந்து பெரிதாக்கினாள். விளிம்பில் கோடு இல்லை. இன்னொன்று. அதிலும் இல்லை. ஏழெட்டுப் படம் திறந்து பார்த்தாள்.

"கோடு போடவே இல்லையா?" என்றார் அவர்.

"போட்டேன்னுதான் சார் நினைச்சேன்."

"முந்நூத்திப் பன்னெண்டுலயுமா மறப்பீங்க?"

அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்படித்தான் போலிருக்கு சார். நான்தான் மறந்திருக்கேன்."

நான் சீவியது என்ன என்று அந்த நிமிடத்தில்தான் எனக்கு விளங்கியது. படங்களை இளைக்கச் சொன்ன நேத்து சாருக்கு அது ஞாபகத்துக்கே வரவில்லை. அந்த மாதம் என்னைக் குழுத் தலைவனாக்குவதாகப் பேச்சு இருந்தது. இப்போது வேண்டாம், கூட்டம் கலையட்டும், சாயங்காலம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சாயங்காலம் எழுந்து அவள் மேசைப் பக்கம் போனேன். முதல் படத்திலிருந்து திரும்பவும் கோடு போட ஆரம்பித்திருந்தாள்.

"அக்கா, டீ வேணுமா?" என்று கேட்டேன்.

"வேணாம்டா."

நான் என் இடத்துக்குத் திரும்பி வந்துவிட்டேன்.

இரண்டே நாளில் முந்நூற்றுப் பன்னிரண்டையும் முடித்தாள். முடித்ததைத் திறந்து பார்த்தாள், மூடினாள், திரும்பவும் திறந்தாள். அவள் அப்படிச் செய்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. மெஷின் தேறிவிட்டது. ஆறு மொழியிலும் ஒரு மூலைகூட அசையவில்லை. அக்காவுக்குக் கடிதம் வரவில்லை. "வேலை சுத்தமாத்தான் இருக்கு, கவனம் பத்தலை" என்று நேத்து சார் சொல்லிவிட்டார். அடுத்த வாரம் நான் குழுத் தலைவன் ஆனேன்.

ஏன் சொல்லவில்லை என்பதற்கு இந்தப் பதினோரு வருடத்தில் நான் விதவிதமாகக் காரணம் ஜோடித்துப் பார்த்திருக்கிறேன். ஒன்றும் தேறாது. பயந்தேன், அவ்வளவுதான். வேலை போகும் என்ற பயம்கூட முதலில்தான். பிறகு, இத்தனை நாள் சொல்லாமல் இருந்தது தெரிந்துவிடுமே என்ற பயம். அது வருடத்துக்கு வருடம் கூடிக்கொண்டே போனது.

மாடி அறையைக் காலி செய்த அன்று பெட்டி தூக்கப் போனேன். படியில் நின்று அக்கா சொன்னாள். "உன் அத்தான் சொன்னது சரிதான்டா தம்பி. எனக்கு ஒண்ணும் தெரியலை. செஞ்சேனா இல்லையான்னுகூடத் தெரியலையே."

"விடுக்கா, மறதி எல்லாருக்கும் வர்றதுதான்" என்றேன். இந்த வார்த்தையை இதே வாய்தான் சொன்னது.

அத்தான் குத்திக்காட்டவில்லை. "நான்தான் சொன்னேனே" என்று ஒரு தடவை சொன்னார், அத்துடன் சரி. அக்கா அதற்குப் பிறகு பேனாவைத் தொடவில்லை, வேறு வேலையும் தேடவில்லை. பூட்டை இழுக்க ஆரம்பித்தாள். நான் பட்டப்பெயர் வைத்தேன். இரண்டு வருடத்துக்கு முன் அத்தான் காலமானார். அவளும் மகளும் மட்டும் இரண்டாம் மாடியில் ஒரு சின்ன வீட்டில் இருக்கிறார்கள்.

போன மாதம் மருமகள் போன் செய்தாள். இப்போது கல்லூரிக்குப் போகிறாள். "மாமா, அம்மா தனக்கு மறதி நோய் வந்துடுச்சுன்னு சொல்றாங்க. வீட்டுச் சாவியை என் கையில குடுத்து, இனிமே நீயே வெச்சுக்கோங்கறாங்க. டாக்டர்கிட்ட காட்டணுமாம். எனக்கு அன்னைக்குப் பரீட்சை. நீங்க கூடப் போறீங்களா?"

போனேன். டாக்டர் ஒரு நடுத்தர வயதுப் பெண், நிதானமாகப் பேசினார். தேதி கேட்டார், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார், ஐந்து வார்த்தை சொல்லிக் கால்மணி கழித்துத் திருப்பிக் கேட்டார். அக்கா வரிசை மாறாமல் சொன்னாள். ஒரு கடிகாரம் வரையுங்கள் என்றார். அக்கா வட்டத்தை ஒரே சுழற்றில் போட்டாள். டாக்டர் அந்தக் காகிதத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"எத்தனை நாளா மறக்குதும்மா?"

"பதினோரு வருஷமா."

"முதல் முதல்ல என்ன மறந்தீங்க?"

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "முந்நூத்திப் பன்னெண்டு படம் டாக்டர். ஒவ்வொண்ணுலயும் மேல ஒரு கோடு, இடது பக்கம் ஒரு கோடு போடணும். போட்டது எனக்குக் கண்ணுலயே நிக்குது. 'ரத்து செய்' பொத்தானுக்கு மூலை கொஞ்சம் பெருசு, அதனால பதினெட்டாவது புள்ளியிலேருந்து ஆரம்பிச்சேன். அதுக்குப் பக்கத்துப் பொத்தானுக்குப் பன்னெண்டு. ஆனா எல்லார் எதிர்லயும் திறந்து பாத்தா ஒண்ணுலயும் கோடு இல்லை. செய்யாததைச் செஞ்சதா நினைச்சுக்கிட்டு இருந்திருக்கேன். அதுலேருந்து என்னை நான் நம்பறதில்லை." பிறகு என் பக்கம் கையைக் காட்டினாள். "இவனுக்குத் தெரியும். இவன் அங்கதான் இருந்தான்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் காகிதத்தில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன்.

"அன்னைக்கு என்ன நடந்ததுன்னு எனக்குத் தெரியாதும்மா" என்றார் டாக்டர். "ஆனா உங்களுக்கு மறதி நோய் இல்லை. மறக்கறவங்களுக்குப் பதினெட்டாவது புள்ளி ஞாபகம் இருக்காது."

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றோம். அங்கே ஒரு டிக்கெட் மெஷின் இருந்தது. எங்களுடையது இல்லை, வேறு யாரோ செய்த புதியது. அக்கா மொழியை மாற்றி மாற்றித் தொட்டுப் பார்த்தாள். "மூலையை நல்லா காப்பாத்தியிருக்காங்க" என்றாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"அக்கா, நீ கோடு போட்டிருந்தே."

அவள் திரையிலிருந்து கையை எடுக்கவில்லை.

"எல்லாத்துலயும் போட்டிருந்தே. நான்தான் அழிச்சேன். கறைன்னு நினைச்சுச் சீவிட்டேன். உன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நாம அப்பப் பேசிக்கலை."

"எல்லாத்துலயுமா?"

"எல்லாத்துலயும்."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே. நீ மறந்துட்டேன்னு சொன்னியே, அந்த நிமிஷமே."

பஸ் வந்து நின்று கதவைத் திறந்தது. நாங்கள் ஏறவில்லை, அது போய்விட்டது. அக்கா பெஞ்சில் உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"சாயங்காலம் வந்து டீ வேணுமான்னு கேட்டியே. அதைச் சொல்லத்தான் வந்தியா?"

"ஆமாக்கா."

"நான் வேணாம்னு சொல்லிட்டேன்" என்றாள், அதுவும் தன் தப்பு என்பதாக.

திட்டிவிடு அக்கா, நாலு பேர் பார்க்க அறைந்துவிடு என்று கெஞ்ச வேண்டும்போல இருந்தது. வழி தெரியாதவர்கள் கேட்பார்களே, அந்தக் குரலில் கேட்டாள். "அப்ப அந்த வீட்டுக்கு நான் எதுக்குடா திரும்பிப் போனேன்?"

அடுத்த பஸ்ஸில் ஏறினோம். அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள், நான் நின்றுகொண்டே வந்தேன். இரண்டாம் மாடி வரை கூடவே ஏறி, மருமகள் என்னிடம் கொடுத்துவைத்திருந்த சாவியை அவளிடம் கொடுத்தேன். எப்போதும் பூட்டைத் திறந்ததும், "உள்ள வா, டீ போடறேன்" என்பாள். அன்றைக்குச் சொல்லவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டது. அது விழுந்ததா என்று இழுத்துப் பார்க்கும் சத்தமும் கேட்டது. நான் இரண்டு படி இறங்கினேன். திரும்ப ஒரு தடவை இழுத்தாள். அப்புறம் வெகுநேரம் ஒன்றும் இல்லை. இத்தோடு போதும், இனி இழுக்க மாட்டாள், சொல்லிவிட்டேனே என்று படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூன்றாவது தடவையும் இழுத்துப் பார்த்தாள்.